கயாக்கும் சைக்கிளும் – கடிதம்

வணக்கம் ஐயா,

கோவையில் இருக்கிறேன். ஆறு வருடமாக டவுன்ஹில் மவுண்டன் பைக் ஓட்டுகிறேன், லீவு கிடைத்தால் நீலகிரிச் சரிவுகள்தான். என் அண்ணன் மகனுக்கு 19 வயது. கயாக் என்கிற சின்னத் துடுப்புப் படகு ஓட்டக் கற்றுக்கொள்ள கோழிக்கோடு பக்கம் போகிறேன் என்று ஒற்றைக்காலில் நிற்கிறான். அருவியிலிருந்து கயாக்கோடு விழும் வீடியோக்களைக் காட்டுகிறான். சைக்கிளில் பிரேக் என் விரலில் இருக்கிறது. ஆற்றில் இறங்கிவிட்டால் தண்ணீர் விட்ட வழி. இது துணிச்சல் இல்லை, சூதாட்டம் என்று சொன்னேன், கோபித்துக்கொண்டான். இரண்டும் செய்தவர் நீங்கள், என்ன சொல்கிறீர்கள்?

உங்கள் வாசகன்

அன்புள்ள நண்பருக்கு,

சியாட்டிலில் இருந்த வருடங்களில் என் வார இறுதிகளை இந்த இரண்டுக்கும்தான் கொடுத்தேன். அதனால் இதில் எனக்கு அழுத்தமான கருத்து உண்டு. சூதாட்டம் என்று நீங்கள் சொன்னது தவறு. ஆனால் பயப்படுவதில் தவறில்லை, பயப்பட வேண்டிய இடம்தான் வேறு.

பிரேக்கிலிருந்தே தொடங்குவோம். டவுன்ஹில்லில் வேகத்தை மலை தருகிறது, அதில் எவ்வளவை விடுவது, எங்கே பிடிப்பது என்பதுதான் ஓட்டுபவரின் வேலை. 2015-ல் ஆஸ்திரியாவின் லியோகாங்கில் நடந்த உலகக் கோப்பைப் பந்தயத்தில் ஆரோன் க்வின்னுக்குப் புறப்பட்டதுமே செயின் அறுந்துவிட்டது, மிதிக்கவே முடியாமல் கீழே வந்து அவர்தான் ஜெயித்தார். சரி, இதெல்லாம் டயர் மண்ணில் இருக்கிறவரைக்கும். பெரிய ஜம்ப்பின் விளிம்பைத் தாண்டிவிட்டால் உங்கள் விரலுக்கு அங்கே என்ன வேலை? அதே 2015-ல் அமெரிக்காவின் யூட்டாவில் நடந்த ரெட்புல் ராம்பேஜ் என்ற மலைச் சைக்கிள் போட்டியில் பால் பாசகோய்ட்டியா விழுந்து, முதுகுத்தண்டில் அடிபட்டு, இடுப்புக்குக் கீழே அசைவில்லாமல் போனார். அவரைவிடத் தேர்ந்த கைகள் அன்று அந்த மலையில் அதிகம் இருந்திருக்காது.

ஆற்றிலும் நிற்க இடமுண்டு. பாறைக்குப் பின்னால் தண்ணீர் மேல்பக்கமாகத் திரும்பி ஓடும் சின்ன இடம் இருக்கும், அதை எடி என்பார்கள். ஓர் எடியில் நின்று அடுத்த எடியைப் பார்த்து, அங்கே போய் மறுபடி நின்று, இப்படித்தான் ஆற்றில் இறங்குவது. அடுத்தது என்ன என்று கண்ணுக்குத் தெரியவில்லையா, கரையேறி நடந்துபோய்ப் பார்க்க வேண்டும். பார்த்தபிறகு சரிப்படாது என்று தோன்றினால் கயாக்கைத் தோளில் தூக்கிக்கொண்டு அருவியைச் சுற்றி நடக்க வேண்டும். வைட் சால்மன் ஆற்றில் ஹூசம் அருவி என்று பத்து, பன்னிரண்டடியில் ஒன்று இருக்கிறது. முதல் மூன்று முறையும் அதை நடந்துதான் கடந்தேன், எங்கள் குழுவில் ஒருவர்கூட ஏன் என்று கேட்கவில்லை.

கயாக்கில் கட்டுப்பாட்டின் பெரும்பகுதி இப்படிக் கரையிலேயே முடிந்துவிடுகிறது. வீடியோவில் அது வராது. மெக்ஸிகோவின் ராஃபா ஓர்ட்டிஸ் நயாகராவில் இறங்குவதற்காக வருடக்கணக்கில் தயாரானார், கடைசியில் வேண்டாம் என்று விட்டுவிட்டார். அதே நயாகராவில் 1990-ல் ஜெஸ்ஸி ஷார்ப் ஹெல்மெட்டும் இல்லாமல் லைஃப் ஜாக்கெட்டும் இல்லாமல் கயாக்கில் இறங்கினார், உடல்கூடக் கிடைக்கவில்லை. உங்கள் அண்ணன் மகனிடம் இந்த இரண்டு பேரைப் பற்றியும் சொல்லுங்கள், ஓர்ட்டிஸைப் பற்றிக் கொஞ்சம் அதிகமாகவே.

தண்ணீர்தானே, மெத்தென்று இருக்கும் என்ற எண்ணமும் அவனுக்கு வேண்டாம். ஏப்ரல் 2009-ல் வாஷிங்டன் மாநிலத்தின் பலூஸ் அருவியில் டைலர் பிராட் 189 அடி விழுந்தார். கீழே போய்ச் சேரும்போது வேகம் மணிக்கு 100 கிலோமீட்டருக்கு மேல். உடம்பை முன்னால் மடித்து, கயாக்கின் மூக்கு நுரைக்குள் செங்குத்தாகக் குத்தி இறங்கும்படி விழுந்ததால் துடுப்பு உடைந்ததோடும் மணிக்கட்டு சுளுக்கியதோடும் தப்பினார். இரண்டு வருடம் கழித்து ஒரேகானில் அபிக்வா அருவியில், உயரம் பலூஸில் பாதிதான், அதே மனிதர் முதுகெலும்பை உடைத்துக்கொண்டார். தட்டையாக விழுந்தால் தண்ணீர் தரை மாதிரிதான்.

நான் பயப்படுவது விழுவதற்கு அப்புறம் வரும் நேரத்துக்கு. டூதி ஹில் பூங்காவில் ஒருமுறை சைக்கிளிலிருந்து தூக்கியெறியப்பட்டுக் காறை எலும்பு உடைந்தது. வலி உயிர் போனது. ஆனால் விபத்து அந்த நொடியிலேயே முடிந்துவிட்டது, மரங்களைப் பார்த்தபடி படுத்து மூச்சு விட்டுக்கொண்டிருந்தேன், ஆட்கள் வந்தார்கள். ஆற்றில் கவிழ்ந்தபோது அப்படி முடியவில்லை, அங்கேதான் தொடங்கியது. விழுகிற தண்ணீர் அடிக்குப் போய், மேலே வந்து, மறுபடி அருவியை நோக்கியே திரும்பும். அந்தச் சுழற்சிக்கு ஹோல் என்று பெயர். இடுப்பளவு உயரத்திலிருந்து தண்ணீர் விழும் ஒரு ஹோல் என்னைப் பிடித்து வைத்துக்கொண்டது. எவ்வளவு நேரம் என்று சொல்லத் தெரியவில்லை, மேலே எது கீழே எது என்றே தெரியாதபோது நேரம் எப்படித் தெரியும்? கரையில் நின்ற நண்பர் எறிந்த கயிறு கையில் பட்டதால்தான் இந்தப் பதிலை எழுதிக்கொண்டிருக்கிறேன். 2024 மே மாதம் சுவிட்சர்லாந்தின் மெலெஸா ஆற்றில் பிரென் ஆர்ட்டன் இறந்தார். உலகின் முதல் வரிசைக் கயாக்கர்களில் ஒருவர். அந்தச் செய்தியைப் படித்த வாரம் முழுக்க எனக்குத் தூக்கம் சரியாக இல்லை.

டவுன்ஹில்லில் அடிபடுவது அடிக்கடி நடக்கும், எலும்போடு போவதுதான் அதிகம். கயாக்கில் பத்து நாளைக்குக் கீறல்கூட இருக்காது, பதினோராம் நாள் மூச்சு கேட்கும். அதனால்தான் ஆற்றில் தனியாக இறங்கக்கூடாது என்கிறேன், எவ்வளவு தேர்ந்தவரானாலும்.

அவனைத் தடுக்காதீர்கள். கோடஞ்சேரிப் பக்கம் சாலிப்புழையில் மழைக்காலத்தில் கயாக்கர்கள் கூடுகிறார்கள், 2013 முதல் மலபார் ரிவர் ஃபெஸ்டிவல் நடப்பதும் அங்கேதான். அதற்கு முன்னால் ஏதாவது ஒரு குளத்தில், கவிழ்ந்த கயாக்கிலிருந்து வெளியே வரவும் கவிழ்ந்தபடியே துடுப்பால் நிமிரவும் கை தானாகச் செய்கிறவரை பழகட்டும். கயிறு எறியவும் கற்கட்டும், அது அடுத்தவனுக்காக. முதல் தடவை நீங்களும் கூடப் போங்கள். ராத்திரி மழையில் தண்ணீர் ஏறிவிட்டது, இன்றைக்கு வேண்டாம் என்று சொல்லி அவ்வளவு தூரம் வந்த பையன்களைக் கரையிலேயே உட்கார வைக்கிற பயிற்சியாளர் யாராவது இருந்தால், அவரிடம் சேர்த்துவிட்டு வாருங்கள்.

அன்புடன்