நானே எழுதிய பியானோ இசையை இப்போதே பகிரலாமா?

கேள்வி இதுதான்: "எனக்கு 16 வயது. சில வருடங்களாக மேற்கத்திய செவ்வியல் பியானோ கற்று வருகிறேன். சொந்தமாகவும் கொஞ்சம் எழுதியிருக்கிறேன். அவற்றை இணையத்தில் பகிரலாமா, அல்லது இன்னும் நன்றாகக் கற்றபிறகு பகிர்வது நல்லதா? புதிதாக எழுதிய கிளாசிக்கல் இசையை இந்தக் காலத்தில் யார் கேட்பார்கள்?"

தாராளமாகப் பகிரலாம். ஒரே ஒரு நிபந்தனை சொல்வேன். ஊர் உலகம் கேட்பதற்கு முன்னால், பியானோ தெரிந்த வேறு ஒருவர் உங்கள் ஸ்கோரை, அதாவது இசையை எழுதிய தாளைப் பார்த்து அதை வாசித்திருக்க வேண்டும். அப்போது நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து, வாயைத் திறக்காமல் கேட்டிருக்க வேண்டும். நான் பியானோ சொல்லிக்கொடுக்கிறேன். எழுதத் தொடங்கும் பிள்ளைகளிடம் நான் விடாப்பிடியாக வற்புறுத்துவது இதைத்தான். அதனால் இந்தப் பதிலிலும் இதற்குத்தான் அதிக இடம்.

முதலில் அந்தத் தயக்கத்தைப் பார்த்துவிடுவோம். வாசிக்கக் கற்பது ஒரு கட்டம், அதைக் கரைகண்ட பிறகுதான் எழுதுவது என்ற எண்ணம் இன்றைய வகுப்புகளில் எப்படியோ வேரூன்றிவிட்டது. இந்த இசையை நமக்குக் கொடுத்தவர்கள் அப்படி நினைக்கவில்லை. பாக் எழுதிய இன்வென்ஷன்கள் என்ற சிறு இசைகளை வாசித்திருப்பீர்கள். 1723இல் அவற்றைத் தொகுத்தபோது முகப்பிலேயே நோக்கத்தைச் சொல்லிவிடுகிறார்: மாணவர் இரண்டு குரல்களைத் தெளிவாக வாசிக்கப் பழக வேண்டும், கூடவே இசை எழுதுவதிலும் ஒரு ருசி பிறக்க வேண்டும். இரண்டும் ஒரே பாடம். ஷோப்பானின் ஜி மைனர் பொலொனேஸ் (போலந்து நடன வகை இசை) 1817இல் அச்சாகி வந்தபோது அவருக்கு வயது 7. கிளாரா வீக், பின்னாளில் கிளாரா ஷூமன், தான் எழுதிய பியானோ கான்செர்ட்டோவை (இசைக்குழுவோடு சேர்ந்து பியானோ வாசிக்கும் படைப்பு) 1835இல் லைப்ஸிக்கில் மெண்டல்சன் இசைக்குழுவை நடத்த, தானே வாசித்தார். அப்போது அவருக்கு உங்கள் வயதுதான்.

அவர்கள் மேதைகள், நம்மால் ஆகுமா என்று தோன்றும். மோட்சார்ட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். 1767இல், 11 வயதில், அவர் பெயரில் வந்த முதல் நான்கு பியானோ கான்செர்ட்டோக்கள் பெரும்பாலும் மற்றவர்களுடைய சொனாட்டாப் பகுதிகளை எடுத்து, ஆர்கெஸ்ட்ரா சேர்த்து மாற்றியமைத்தவை. அவரும் பிறர் எழுதியதைக் கையில் எடுத்துப் பிரித்துக் கோத்துத்தான் கற்றார். ஆகவே "இது ஷோப்பான் மாதிரியே இருக்கிறதே" என்று யாராவது சொன்னால் துவண்டுவிட வேண்டாம். ஷோப்பானின் நாக்டர்ன்களைப் படித்துக்கொண்டிருந்த சமயத்தில் எழுதியது என்று நீங்களே குறிப்பில் எழுதிவிடுங்கள். அது உண்மை, அதில் எந்தக் குறைவும் இல்லை.

சரி, அந்த நிபந்தனைக்கு வருகிறேன்.

என்னிடம் படிக்கும் ஒரு பெண் ஏ மைனரில் மெதுவான ஒரு சிறு இசை எழுதி வந்தாள். மென்பொருளில் அடித்து, கணினியை வாசிக்கவிட்டுக் கேட்கவைத்தாள். அழகாகவே இருந்தது. அந்தத் தாளை அவளுக்கு இளைய இன்னொரு மாணவியின் முன்னால் வைத்தேன். எட்டு பார் (தாளக் கட்டம்) வரை தடையில்லாமல் போனது. ஒன்பதாவது பாரில் நின்றுவிட்டது. இடது கையில் ஒரு கார்ட், அதாவது சேர்த்து அமுக்கும் நோட்டுகள்: கீழே ஈ, நடுவில் பி, மேலே ஏ ஃபிளாட். வாசித்தவளுக்கு இரண்டு சிக்கல். ஃபிளாட்டைப் பார்த்ததும் இசை வேறு ஏதோ ஸ்கேலுக்குத் திரும்பப்போகிறது என்று எதிர்பார்த்துத் தயங்கினாள். அது உண்மையில் ஈ மேஜர் கார்ட், எழுத வேண்டியது ஜி ஷார்ப். அமுக்கும் கட்டை ஒன்றேதான். ஆனால் ஏ மைனரில் இருக்கும்போது ஜி ஷார்ப் என்றால் அடுத்தது ஏ வரப்போகிறது என்று கண்ணுக்கே தெரிந்துவிடும். ஏ ஃபிளாட் என்றால் கை எங்கே போவது என்று தெரியாமல் திகைக்கும். மென்பொருளில் கீபோர்ட் வழியாக உள்ளிடும்போது இந்த மாதிரி தவறான பெயர்கள் நிறைய விழும், ஒவ்வொன்றாகப் பார்த்துத் திருத்த வேண்டும்.

இரண்டாவது சிக்கல் கை. அந்த ஈயிலிருந்து மேலே இருக்கும் ஜி ஷார்ப் வரை பத்து ஸ்வர தூரம். எழுதியவளுக்குக் கை பெரியது, எட்டிவிடும். கணினிக்குக் கையே கிடையாது. வாசித்த சின்னவளுக்கு எட்டவில்லை. கீழிருந்து ஒவ்வொன்றாக உருட்டி வாசித்தாள், மெலடி ஒரு கணம் பின்தங்கியது. என்ன செய்யலாம் என்று மூவரும் பேசி, அந்த ஜி ஷார்ப்பை வலது கைக் கட்டைவிரலுக்கு மாற்றினோம். மேலே மெலடி நோட் ஈ, அதனால் வசதியாக உட்கார்ந்தது. அப்புறம் நடந்ததுதான் முக்கியம். கட்டைவிரலுக்கு வந்த அந்த ஜி ஷார்ப், அடுத்த பாரில் ஏக்கு ஏறுவது இப்போது தனியாகக் காதில் விழுந்தது. மெலடிக்கு அடியில் இன்னொரு குரல் அசைந்துகொண்டிருக்கிறது! எழுதியவளுக்கே அது அதுவரை தெரியாது. வீட்டுக்குப் போய் அந்தக் குரலை மேலும் நான்கு பார்களுக்கு நீட்டிக்கொண்டு வந்தாள். இசையின் தரமே மாறிவிட்டது.

கணினியின் ஒலிப்பதிவை மட்டும் பகிர்ந்திருந்தால் "அருமை" என்று பலர் எழுதியிருப்பார்கள். ஒன்பதாவது பார் அப்படியே கிடந்திருக்கும். கேட்பவர் ரசிப்பார், நகர்ந்துவிடுவார். வாசிப்பவர் ஒவ்வொரு நோட்டையும் விரலால் தொட்டாக வேண்டும். எங்கே பொய்யாக இருக்கிறது, எங்கே வெறும் நிரப்பல் என்று அவர் கைக்குத் தெரிந்துவிடும்.

அவர் வாசிக்கும்போது ஒன்று கவனியுங்கள். நீங்கள் மனதில் நினைத்து எழுதாமல் விட்டது எதுவும் அவருக்குத் தெரியாது. நீங்கள் வழக்கமாக ஒரு இடத்தில் வேகம் குறைப்பீர்கள், அவர் நேராகப் போவார். நீங்கள் பெடலை மாற்றும் இடத்தில் அவர் மாற்றமாட்டார், ஒலி குழம்பும். அந்த இடங்களில் மட்டும் குறியீடு சேருங்கள். பயந்துபோய் ஒவ்வொரு நோட்டுக்கும் ஒரு குறி போடுகிறவர்களும் உண்டு, அது வாசிப்பவரின் மூச்சை அடைத்துவிடும். டெம்போவை மட்டும் மெட்ரோனோம் எண்ணோடு எழுதிவிடுங்கள். மெதுவாக என்ற சொல் ஆளுக்கு ஆள் மாறும்.

எவ்வளவு நீளமாக எழுதுவது என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். இளைஞர்கள் பகிரும் படைப்புகளில் நான் அடிக்கடி பார்ப்பது எட்டு நிமிட சொனாட்டா. முதல் ஒரு நிமிடம் நன்றாக இருக்கும், மீதி அலைந்து திரியும். ஷோப்பானின் ஏ மேஜர் ப்ரிலூட் என்ற சிறு இசையை எடுத்துப் பாருங்கள், ஓபஸ் 28இல் ஏழாவது. 16 பார், ஏறக்குறைய ஒரு நிமிடம். இரண்டு பாருக்கு ஒரு வாக்கியம், எட்டு வாக்கியங்களுக்கும் ஒரே தாள அமைப்பு. தாளத்தில் எந்த வித்தியாசமும் காட்டாமல் ஹார்மனியை, அதாவது கார்டுகளின் போக்கை மட்டும் நகர்த்திக்கொண்டே போய், 12ஆவது பாரில் எதிர்பாராத ஓர் அகன்ற கார்டை வைக்கிறார். மொத்த இசையும் அந்த ஓர் இடத்தை நோக்கித்தான் ஏறி வந்திருக்கிறது. உங்கள் இசையில் அந்த இடம் எந்த பார் என்று உங்களால் விரல் வைத்துக் காட்ட முடிந்தால், அது பகிரத் தயார். காட்ட முடியாவிட்டால் இன்னும் எழுதி முடிக்கவில்லை என்று அர்த்தம்.

பியானோ வாசிப்பவர்கள் எழுதும்போது வரும் தனிச் சிக்கல் ஒன்று உண்டு. கை பழக்கதோஷத்தில் ஓடிவிடும். இடது கை தெரிந்த ஆர்பெஜியோவில் (கார்டின் நோட்டுகளை ஒவ்வொன்றாக வாசிப்பது) விழும், ஏ மைனர், எஃப், சி, ஜி என்று சுற்றிச் சுற்றி வரும். வலது கை அதன்மேல் எதையாவது அலையவிடும். ஷூமன் இளம் இசைக்கலைஞர்களுக்கு எழுதிய அறிவுரைகளில் இதைத்தான் சொல்கிறார்: முதலில் எல்லாவற்றையும் மனதில் உருவாக்கு, முழுதாக வந்தபின் வாத்தியத்தில் வாசித்துப் பார், தலை சொல்வதைத்தான் விரல் செய்ய வேண்டும். எனக்கும் அனுபவத்தில் இது முழுக்க உண்மை. பியானோவை விட்டு எழுந்து, மெலடியைப் பாடிப் பாருங்கள். மூச்சு எங்கே வேண்டும் என்று குரல் சொல்லிவிடும்.

மென்பொருள் விஷயத்தில் அதிகம் யோசிக்க வேண்டாம். மியூஸ்ஸ்கோர் இலவசம், நீங்கள் எழுதும் அளவுக்குத் தாராளமாகப் போதும். எதில் எழுதினாலும் மற்ற ஸ்கோர் மென்பொருள்களும் திறக்கக்கூடிய மியூசிக்எக்ஸ்எம்எல் வடிவில் ஒரு பிரதியும், பிடிஎஃப் ஒன்றும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். 1988 முதல் இருந்துவந்த ஃபினாலே மென்பொருளின் வளர்ச்சியை 2024 ஆகஸ்டில் நிறுத்திவிட்டதாக அறிவித்தார்கள். பல வருட ஸ்கோர்களை அதில் வைத்திருந்தவர்கள் வேறு மென்பொருளுக்கு மாற வேண்டியதாயிற்று.

ஒலிப்பதிவுக்குக் கணினி வாசித்ததைப் போடாதீர்கள், நீங்களே வாசியுங்கள். போன் போதும். ஆனால் போனின் மைக் தானாகவே மெல்லிய ஒலியைத் தூக்கி, உரத்த ஒலியை அமுக்கிவிடும். நீங்கள் பாடுபட்டுக் கொண்டுவந்த ஏற்ற இறக்கம் எல்லாம் ஒரே மட்டமாகிவிடும். அந்தத் தானியங்கிச் சரிசெய்தலை அணைக்க முடிகிற ஒலிப்பதிவுச் செயலி ஒன்றைப் பயன்படுத்துங்கள். போனைப் பியானோ மேலேயே வைக்காமல் ஓரிரு மீட்டர் தள்ளி வையுங்கள். இருப்பதிலேயே உரத்த பாரை முதலில் வாசித்து, ஒலி சிதைகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். டிஜிட்டல் பியானோ என்றால் கேபிள் வழியாக நேரடியாகப் பதிவது இன்னும் சுலபம்.

உரிமை பற்றிய பயம் உங்களுக்கு இருக்கலாம். படைப்பாளர் உரிமைக்கான சர்வதேச பெர்ன் ஒப்பந்தத்தில் சேர்ந்துள்ள நாடுகளில், அதாவது ஏறத்தாழ உலகம் முழுவதும், எழுதிய கணத்திலிருந்தே பதிப்புரிமை உங்களுடையது. பதிவு செய்திருக்க வேண்டும் என்ற கட்டாயம் கிடையாது. ஸ்கோரில் பெயரும் வருடமும் போடுங்கள், தேதியோடு கூடிய பழைய கோப்புகளை அழிக்காதீர்கள். மற்றவர்கள் வாசித்துப் பகிரலாமா, மாற்றலாமா, வணிகத்துக்குப் பயன்படுத்தலாமா என்பதைக் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தின் மூலம் நீங்களே முடிவு செய்யலாம். திறந்த உரிமம் கொடுத்தால் திரும்பப் பெற முடியாது, அதனால் நிதானமாகத் தேர்ந்தெடுங்கள். யாராவது மொத்த உரிமையையும் கேட்டால் மட்டும் பெற்றோரைக் கேட்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். ராக்மனினாஃப் 19 வயதில், 1892இல் எழுதிய சி ஷார்ப் மைனர் ப்ரிலூட் உலகெங்கும் பரவியது. சர்வதேசப் பதிப்புரிமைப் பாதுகாப்பு இல்லாததால் வெளிநாட்டு விற்பனையில் அவருக்கு ஒன்றும் வரவில்லை. இன்று உங்கள் நிலைமை அதைவிட எவ்வளவோ மேல்.

இனி, யார் கேட்பார்கள் என்ற கேள்வி. கேட்பவர்களைவிட வாசிப்பவர்களைத் தேடுங்கள் என்பேன். ஓரளவு வாசிக்கத் தெரிந்த, மேடைக் கலைஞர் அளவுக்குப் போகாத பியானோ ஆட்கள் உலகம் முழுக்க இருக்கிறார்கள். அவர்கள் கைக்கு எட்டுகிற, ஆனால் பயிற்சிப் பாடம் போல ஒலிக்காத புதிய இசைக்கு எப்போதுமே பஞ்சம்தான். ஷூமன் 1848இல் இளையோருக்கான 43 சிறு இசைகளை எழுதினார். பார்டோக் மிக்ரோகாஸ்மோஸ் என்ற தொகுப்பில் 153 எழுதினார். பெரிய கலைஞர்கள் அந்த அளவில் எழுதுவதைத் தாழ்வாக நினைக்கவில்லை. என்னைப் போன்ற ஆசிரியர்கள் மாணவர்களுக்குக் கொடுக்கப் புதிதாக ஏதாவது கிடைக்குமா என்று தேடிக்கொண்டேதான் இருக்கிறோம். ஆகவே ஒலிப்பதிவோடு ஸ்கோரையும் கட்டாயம் இணையுங்கள். எவ்வளவு கடினம், எத்தனை நிமிடம், பெரிய கை தேவையா என்று இரண்டு வரி எழுதுங்கள். வயதைத் தலைப்பில் போட்டால் பார்வைகள் கூடும் என்பது தெரியும். போடாதீர்கள், பேச்செல்லாம் உங்கள் வயதைப் பற்றியதாகவே போய்விடும். பள்ளி, முகவரி போன்ற விவரங்களும் எங்கேயும் வேண்டாம்.

கருத்து கேட்கும்போது "எப்படி இருக்கிறது" என்று கேட்காமல், "எந்த பாரில் உங்கள் கவனம் கலைந்தது" என்று கேளுங்கள். இருவர் ஒரே பாரைச் சொன்னால் அங்கே திருத்தம் தேவை. ஒருவர் மட்டும் சொன்னால் வாசித்துப் பார்த்துவிட்டு நீங்களே முடிவு செய்யுங்கள்.

எதை முதலில் பகிர்வது என்று குழப்பமாக இருந்தால், எழுதியதில் எதைத் தாளும் பியானோவும் இல்லாமல் முதலிலிருந்து கடைசிவரை பாடிக்காட்ட முடிகிறதோ அதை எடுத்துக்கொள்ளுங்கள். பகிர்ந்ததும் ஸ்கோரின் இணைப்பை இந்தப் பதிலுக்குக் கீழே போடுங்கள். நான் வாசித்துப் பார்த்து, பார் எண்ணோடு எழுதுகிறேன்.