கணினிக் கேள்வி–பதில்: இணையம் எட்டாத பள்ளியில் வைஃபை

கேள்வி: எங்கள் பள்ளிக்குப் பழைய மடிக்கணினிகள் எட்டு நன்கொடையாகக் கிடைத்தன. எல்லாவற்றிலும் டெபியன் 11 என்ற லினக்ஸ் இயங்குதளத்தை நிறுவினோம். மற்ற எல்லாம் சரி, வைஃபை மட்டும் வரவில்லை. அடுத்த தவணை ரவுட்டர் வரும் என்கிறார்கள். அதற்குள் கணினிகளைத் தயார் செய்ய விரும்புகிறேன். கைபேசியில் சிக்னல் ஒரு கோடு வந்து வந்து போகும். திரையில் கண்டதை எழுதி இணைத்திருக்கிறேன். சனிக்கிழமை திருகோணமலைக்கு வருவேன். என்ன எடுத்துப் போக வேண்டும்?
– ஓர் ஆசிரியை, ஈச்சிலம்பற்று

பதில்: ரீச்சர், நீங்கள் கொப்பித் தாளில் எழுத்துக்கு எழுத்து பார்த்தெழுதிய அந்த ஒற்றை வரியைப் பார்த்ததும் எனக்கு அவ்வளவு மகிழ்ச்சி. ‘ஐடபிள்யூஎல்வைஃபை-7260-17.யூகோட்’, அதன் கடைசியில் ‘எரர் -2’. ‘வைஃபை வரவில்லை’ என்று மட்டும் சொல்லி மடிக்கணினியை நீட்டுபவர்களே என் கடைக்கு அதிகம் வருவார்கள். உங்கள் தாளிலோ பாதி விடை இருக்கிறது. -2 என்றால், கேட்ட கோப்பு அந்த இடத்தில் இல்லை என்று பொருள். கார்ட் பழுதில்லை. நீங்கள் நிறுவியதிலும் பிழை இல்லை.

வைஃபை கார்டுக்குள் ஒரு சின்னஞ்சிறு கணினியே இருக்கிறது. அதை இயக்கும் நிரல், அதாவது ஃபர்ம்வேர், பெரும்பாலான கார்டுகளில் நிரந்தரமாகப் பதிந்திருப்பதில்லை. ஒவ்வொரு முறை கணினி எழும்பும்போதும் லினக்ஸ் அதை வட்டிலிருந்து எடுத்து ஊட்ட வேண்டும். இந்தக் கோப்புகளின் மூலநிரலை உற்பத்தியாளர்கள் பெரும்பாலும் வெளியிடுவதில்லை. கட்டற்ற மென்பொருளை மட்டுமே தருவோம் என்ற கொள்கையால் டெபியன்காரர்கள் 11ஆம் பதிப்பு வரை இவற்றைத் தங்கள் அதிகாரபூர்வ நிறுவல் வட்டில் சேர்க்கவில்லை. 2022 அக்டோபரில் தங்களுக்குள் வாக்கெடுத்து அதை மாற்றினார்கள். 2023 ஜூனில் வந்த 12ஆம் பதிப்பிலிருந்து ஃபர்ம்வேர் வட்டோடேயே வருகிறது. அது நல்ல முடிவு என்றே நான் நினைக்கிறேன். நகரத்தில் இருப்பவருக்கு இந்தக் கோப்பு இரண்டு நிமிட வேலை, உங்கள் பள்ளிக்கோ ஒரு நாள் பஸ் பயணம்.

புறப்படுவதற்கு முன் ஒரு வேலை பாக்கி இருக்கிறது. எட்டும் வெளியே ஒரே மாதிரி தெரிந்தாலும் உள்ளே வேறு கார்ட் இருக்கலாம். ஒவ்வொன்றிலும் கட்டளை தட்டும் சாளரமான டெர்மினலைத் திறந்து, ஆங்கிலச் சிறிய எழுத்தில் எல், எஸ், பி, சி, ஐ என்ற ஐந்தையும் சேர்த்துத் தட்டி, ஓர் இடைவெளி விட்டு, சிறு கோடு, அதையொட்டி இரண்டு ‘என்’ எழுத்துகள் போட்டு என்டரை அழுத்துங்கள். வரும் பட்டியலில் ‘நெட்வொர்க் கன்ட்ரோலர்’ என்ற வரியின் பின்பகுதியில் சதுர அடைப்புக்குள் இரட்டைப் புள்ளியால் பிரிந்த இரண்டு எண்கள் இருக்கும். முதல் எண் 8086 என்றால் இன்டெல், 10இசி என்றால் ரியல்டெக், 14இ4 என்றால் பிராட்காம், 168சி என்றால் ஏதெரோஸ். கணினிக்கு ஒரு வரியாக எட்டு வரி எழுதிக்கொள்ளுங்கள்.

இந்தத் தாளை நான் இவ்வளவு வலியுறுத்தக் காரணம் உண்டு. பல வருடங்களுக்கு முன் மூதூர்ப் பக்கம் ஒரு வாசிகசாலையில் பிராட்காம் கார்ட் உள்ள மூன்று கணினிகளுக்கு வைஃபை கேட்டார்கள். ‘பி43-இன்ஸ்டாலர்’ என்ற பெயருள்ள பொதியை, அதாவது நிறுவல் கோப்பை, பென்டிரைவில் போட்டுக்கொண்டு போனேன். நிறுவத் தொடங்கியதும் அது இணையத்தைத் தேடியது. அந்தப் பொதிக்குள் ஃபர்ம்வேர் இல்லை. நிறுவும் நேரத்தில்தான் இறக்கிக்கொள்ளும். அந்த ஃபர்ம்வேரைப் பிறர் விநியோகிக்க உரிமை இல்லாததால் அப்படி அமைத்திருக்கிறார்கள். கதவடியில் காத்திருந்த பிள்ளைகளிடம் ‘நாளைக்கு’ என்று சொல்லிவிட்டு வந்தது இன்னும் மனதில் இருக்கிறது. ஆகவே உங்கள் எட்டில் ஒன்று 14இ4 என்று வந்தால், அந்தக் கணினியையே கையோடு கடைக்குக் கொண்டுவாருங்கள்.

இன்டெல்லுக்கு அந்தத் தொல்லை இல்லை. பென்டிரைவ்கூட வேண்டியதில்லை, உங்கள் கைபேசியே போதும். பஸ் நிலையத்தில் இறங்கியதும் சிக்னல் நன்றாக இருக்கும். டெபியன் பொதிகளின் தளத்தில் 11ஆம் பதிப்பான ‘புல்ஸ்ஐ’யின் கீழ் ‘ஃபர்ம்வேர்-ஐடபிள்யூஎல்வைஃபை’ என்று தேடி, ‘.டெப்’ என்று முடியும் கோப்பை இறக்குங்கள். சில மெகாபைட்டுதான். உங்களுக்கு வேண்டிய 7260 கோப்போடு மற்ற இன்டெல் கார்டுகளுக்கானவையும் அதற்குள் இருப்பதால், எட்டில் இரண்டு வேறு இன்டெல்லாக இருந்தாலும் கவலை இல்லை. ரியல்டெக் இருந்தால் ‘ஃபர்ம்வேர்-ரியல்டெக்’, ஏதெரோஸ் இருந்தால் ‘ஃபர்ம்வேர்-ஏதெரோஸ்’ பொதியையும் சேர்த்து எடுங்கள்.

பள்ளிக்குத் திரும்பியதும் சார்ஜ் செய்யும் வயரால் கைபேசியைக் கணினியோடு இணைத்து, கைபேசித் திரையில் ‘கோப்புப் பரிமாற்றம்’ என்பதைத் தெரிவு செய்யுங்கள். பொதியை ஹோம் கோப்புறைக்குப் பிரதி எடுங்கள். டெர்மினலில் முதலில் நிர்வாகியாக மாற வேண்டும்: எஸ், யூ, இடைவெளி, சிறு கோடு, பிறகு ரூட் கடவுச்சொல். அந்தச் சிறு கோட்டை மட்டும் விட்டுவிடாதீர்கள். விட்டால், அடுத்து வரும் கட்டளை ‘எல்டிகான்ஃபிக் கிடைக்கவில்லை’ என்று நின்றுவிடும், நீங்கள் பொதி பழுது என்று நினைத்துவிடுவீர்கள். நிறுவும்போது ரூட் கடவுச்சொல்லை வெறுமையாக விட்டிருந்தால், இதற்குப் பதிலாக அடுத்த கட்டளையின் முன்னால் ‘சூடோ’ போடுங்கள். அடுத்து டி, பி, கே, ஜி, இடைவெளி, சிறு கோடு, ஐ, மீண்டும் இடைவெளி, அதன்பின் கோப்பு இருக்கும் முழுப் பாதை. ஹோம் கோப்புறையிலிருந்து கோப்பைச் சுட்டியால் பிடித்து டெர்மினலில் போட்டால் பெரும்பாலும் பாதை தானாகவே எழுதப்பட்டுவிடும். முடிந்ததும் கணினியை மறுபடி தொடக்குங்கள். பள்ளியில் ரவுட்டர் இல்லாவிட்டாலும் சோதிக்கலாம்: உங்கள் கைபேசியில் ஹாட்ஸ்பாட்டைத் திறந்தால், சிக்னலே இல்லாவிட்டாலும் அதன் பெயர் கணினியின் வைஃபை பட்டியலில் தெரிய வேண்டும்.

முதல் கணினி சரிவந்ததும் மற்ற ஏழையும் மாணவர்களிடம் விடுங்கள், ரீச்சர். நீங்கள் பக்கத்தில் நின்றால் போதும்.

கேள்வி: உபுண்டு 22.04 என்ற லினக்ஸ் நிறுவினேன். வைஃபை வரவில்லை. என் கார்ட் 14இ4. வீட்டில் இணையம் இல்லை.
– ஓர் உயர்தர மாணவர், கிண்ணியா

பதில்: தம்பி, நிறுவப் பயன்படுத்திய பென்டிரைவை அழித்துவிட்டீர்களா? இல்லையென்றால் அதற்குள்ளேயே மருந்து இருக்கிறது. ‘பூல்’ கோப்புறையில் ‘ரெஸ்ட்ரிக்டட்’, அதற்குள் ‘பி’, அதற்குள் ‘பிசிஎம்டபிள்யூஎல்’ என்று போனால் பிராட்காம் இயக்கியின் (டிரைவரின்) பொதி கிடைக்கும். அதற்குத் துணையான ‘டிகேஎம்எஸ்’ பொதி, ‘மெயின்’ கோப்புறையில் ‘டி’யின் கீழ் இருக்கிறது. இவற்றை நிறுவும்போது இடையில் ஒரு கடவுச்சொல் உருவாக்கச் சொன்னால் குறித்து வையுங்கள். மறுதொடக்கத்தில் நீலத் திரை வரும். அதில் ‘என்ரோல் எம்ஓகே’ என்பதைத் தெரிவு செய்து அந்தக் கடவுச்சொல்லைக் கொடுக்க வேண்டும். பயந்து வேறு விசையை அழுத்தித் தாண்டிப் போனால் இயக்கி ஏறாது.

கேள்வி: நேற்றுவரை வேலை செய்த வைஃபை இன்று காலை காணவில்லை. ஃபர்ம்வேர் அழிந்திருக்குமா?
– விடுதி நடத்துபவர், உப்புவெளி

பதில்: அநேகமாக இல்லை, ஐயா. டெர்மினலில் ‘ஆர்எஃப்கில் லிஸ்ட்’ என்ற கட்டளையைக் கொடுத்துப் பாருங்கள். ‘ஹார்ட் பிளாக்ட்’ என்பதற்கு நேரே ‘யெஸ்’ என்றிருந்தால் மடிக்கணினியின் பக்கவாட்டிலோ விசைப்பலகையின் மேல்வரிசையிலோ உள்ள வைஃபை பொத்தானை யாரோ தட்டியிருக்கிறார்கள். ‘சாஃப்ட் பிளாக்ட்’ மட்டும் ‘யெஸ்’ என்றால் விமானப் பயன்முறையை அணைத்துவிடுங்கள், வந்துவிடும்.