அப்பாவுக்கு டிஸ்க் பிரச்சினை என்றால் எனக்கும் வருமா?

கேள்வி: அப்பாவுக்கும் அண்ணனுக்கும் டிஸ்க் விலகல். எனக்கு 29 வயது, ஐடி வேலை. இது பரம்பரையா? மரபணு டெஸ்ட் எடுத்துப் பார்க்கலாமா?

பதில்: டெஸ்ட்டுக்குக் காசைக் கொட்ட வேண்டாம். ஆனால் உங்கள் சந்தேகம் நியாயமானதுதான்.

நான் பிசியோதெரபிஸ்ட். “பைக் ஓட்டி ஓட்டியே ஜவ்வு தேஞ்சிருச்சு சார்” என்று கேட்காத நாளில்லை. முதுகெலும்புகளுக்கு நடுவே மெத்தை மாதிரி இருக்கும் டிஸ்க்கைத்தான் ஜவ்வு என்கிறார்கள். ரொம்ப காலம் மருத்துவ உலகமும் வண்டியையும் மூட்டையையும்தான் கைகாட்டியது. 1995-ல் வெளியான பின்லாந்து ஆய்வு அதை ஆட்டிவிட்டது. உருவொத்த ஆண் இரட்டையர் 115 ஜோடிகளை எம்ஆர்ஐ எடுத்துப் பார்த்தார்கள். இடுப்பின் மேல் டிஸ்க்குகளில் ஆளுக்கு ஆள் தேய்மானம் வித்தியாசப்படுவதற்கு உடலுழைப்பு சொன்ன காரணம் வெறும் 7 சதவீதம். வயதையும் சேர்த்தால் 16. குடும்பத்தையும் சேர்த்தால் 77! பிறகு 2002-ல், ஒருவர் காலமெல்லாம் வண்டி ஓட்ட மற்றவர் அவ்வளவாக ஓட்டாத 45 இரட்டையர் ஜோடிகளை ஒப்பிட்டார்கள். தேய்மானத்தில் வித்தியாசமே இல்லை.

இந்த 77-ஐத்தான் எல்லோரும் மேற்கோள் காட்டுவார்கள். எல்4 எனப்படும் நான்காவது இடுப்பு முள்ளெலும்புக்குக் கீழே உள்ள இரண்டு டிஸ்க்குகளில் அதே கணக்கு 43-தான் என்பதை யாரும் சொல்வதில்லை. காலுக்கு இறங்கும் வலியோடு என்னிடம் வருகிறவர்களுக்குப் பெரும்பாலும் பிரச்சினை அந்த இரண்டில்தான். மேலும், 77 என்றால் உங்களுக்கு வர 77 சதவீத வாய்ப்பு என்று அர்த்தமில்லை. அது ஒரு கூட்டத்துக்குள் இருக்கும் வித்தியாசத்தைப் பற்றிய கணக்கு. குடும்பம் என்றால் மரபணு மட்டுமா? ஒரே வீட்டில் வளர்ந்ததும் அதில் அடக்கம்.

சரி, எந்த மரபணு? ஒன்றல்ல, பல. டிஸ்க்கைக் கட்டும் புரதங்களான கொலாஜன் 9, அக்ரிகன், பிறகு வைட்டமின் டி ஏற்பி, இவற்றுக்கான மரபணுக்கள் என்று பட்டியல் நீளும். கோவை கங்கா மருத்துவமனையில் டாக்டர் ராஜசேகரன் குழுவும் இந்திய இளைஞர்களிடம் இதை ஆராய்ந்திருக்கிறது. 1999-ல் பின்லாந்தில் கொலாஜன் 9-ன் ஒரு மாற்றம் 157 நோயாளிகளில் 6 பேரிடம் இருந்தது. ஒப்பிட எடுத்த 174 பேரில் ஒருவரிடமும் இல்லை. கண்டுபிடித்துவிட்டோம் என்று தோன்றும். ஆனால் ஹாங்காங் சீனர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு அதே மாற்றம் உண்டு! இதை வைத்து உங்களுக்கு லேப் ரிப்போர்ட் என்ன சொல்லிவிடும்?

எம்ஆர்ஐ-யும் அப்படித்தான். நீர்ச்சத்துள்ள டிஸ்க் டி2 என்ற வகை எம்ஆர்ஐ படத்தில் நடுவில் வெள்ளையாகத் தெரியும், வற்றியது கறுப்பாக. அந்தக் கறுப்பைப் பார்த்துப் பயந்தே பாதிப் பேர் படுத்துவிடுகிறார்கள். முதுகுவலியே இல்லாதவர்களை ஸ்கேன் செய்த ஆய்வுகளைத் தொகுத்ததில், 20 வயதிலேயே 37 சதவீதம் பேருக்குத் தேய்மானம். 80 வயதில் 96. வலியில்லாமல் சும்மா ஸ்கேன் எடுக்காதீர்கள்.

சிகரெட் இருந்தால் விடுங்கள். டிஸ்க்குக்குள் ரத்தக்குழாய் கிடையாது. பக்கத்து எலும்பிலிருந்து ஊறிவருவதுதான் சாப்பாடு, அதைப் புகை கெடுக்கும். எடை ஏறாமல் பாருங்கள், நடங்கள், நாற்காலியை விட்டு அடிக்கடி எழுந்திருங்கள்.

அப்பாவுக்கோ அண்ணனுக்கோ திடீரென்று சிறுநீர் வராமல் நின்றாலோ, உட்காரும் இடம் மரத்துப்போனாலோ, பாதத்தைத் தூக்க முடியாமல் போனாலோ, பிசியோவுக்கு வரவேண்டாம். அன்றைக்கே அவசர சிகிச்சைப் பிரிவுக்குக் கூட்டிப் போங்கள்.