எம்.வி. சுப்பையா: நாற்காலியிலிருந்து தானே எழுந்தவர்

"குடும்பத் தொழிலில் தலைமைப் பொறுப்பு வகித்து, ஓய்வுக்குப் பின் பொதுப்பணிக்கு வந்தவர்களில் நீங்கள் மதிப்பவர் யார்? ஏன்?" என்று கேட்டிருக்கிறீர்கள். முருகப்பா குழுமத்தின் எம்.வி. சுப்பையா என்பது என் பதில். நன்கொடை கொடுத்த பணக்காரர்கள் நம் ஊரில் நிறையப் பேர். அதிகாரத்தைக் கொடுத்தவர்களைத்தான் தேட வேண்டியிருக்கிறது.

1788-ல் தாமஸ் பாரி தொடங்கிய நிறுவனம்தான் இ.ஐ.டி. பாரி. பாரிமுனைக்கு அந்தப் பெயர் வந்ததும் அவரால்தான். நெல்லிக்குப்பம் சர்க்கரை ஆலையும் ராணிப்பேட்டை உரத் தொழிற்சாலையும் வைத்திருந்த அந்தப் பழைய கம்பெனி, 1981-ல் முருகப்பா குடும்பத்தின் கைக்கு வந்தபோது நொடித்துப் போயிருந்தது. அதை நிமிர்த்தியவர் சுப்பையா. தொழில் உலகில் அவருக்குப் பெயர் வாங்கித் தந்தது இதுதான்.

ஆனால் நான் பெரிதாக நினைப்பது 1999-ல் நடந்ததை. அவர் குழுமத் தலைமையில் இருந்த காலம் அது. குடும்பத்து ஆண்கள் ஆளுக்கொரு கம்பெனியின் நிர்வாக நாற்காலியில் அமர்ந்திருந்த வழக்கத்தை மாற்றி, அன்றாட நிர்வாகத்தைச் சம்பளத்துக்கு வந்த வல்லுநர்களிடம் ஒப்படைத்தார்கள். குடும்பத்தினர் மேற்பார்வை வாரியத்துக்கு நகர்ந்தார்கள். அண்ணன் தம்பி, சித்தப்பா, பெரியப்பா மக்கள் என்று நிறைந்த ஒரு குடும்பத்தில் ஒவ்வொருவரையும் "எழுந்திருங்கள்" என்று சொல்வது விளையாட்டல்ல. பாகப்பிரிவினை வழக்குகள் பார்த்த எவருக்கும் இது புரியும். சுவிட்சர்லாந்தின் ஐ.எம்.டி. மேலாண்மைக் கல்லூரி, சிறந்த குடும்ப நிறுவனத்துக்கான விருதை 2001-ல் இந்தக் குழுமத்துக்குத் தந்தது.

இதை மேல்நாட்டு நிர்வாகப் பாடம் என்று எழுதுகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. சுப்பையாவின் பாட்டனாரும் குழுமத்தைத் தொடங்கியவருமான திவான் பகதூர் ஏ.எம். முருகப்ப செட்டியார் 1900-ல் பர்மாவின் மௌல்மீனில் கொடுக்கல் வாங்கல் தொடங்கிய காலத்திலேயே, கடல் கடந்த நகரத்தார் கடைகளைப் பெரும்பாலும் நடத்தியவர்கள் சம்பள ஆட்கள்தான். பெட்டியடிப் பையனாகச் சேர்ந்து, அடுத்தாளாகி, பிறகு மேலாளாகக் கடையையே நடத்துவார்கள். முதலாளி ஊரில் இருந்தபடி கணக்குப் பார்ப்பார். தவணை முடிந்ததும் மேலாள் ஊர் திரும்ப, அடுத்தவர் போவார். பாட்டன் கடையில் நடந்ததைத்தான் பேரன் தொழிற்சாலையில் செய்தார் என்பேன்.

2004-ல் அவர் ஓய்வு பெற்றார். லாபத்தில் ஒரு பங்கை மகமையாக ஒதுக்கும் சமூகம் என்பதால், குடும்பத்தின் ஏ.எம்.எம். அறக்கட்டளை வெகுகாலமாகவே இயங்கி வந்தது. பள்ளத்தூரிலும் அம்பத்தூரிலும் ஆஸ்பத்திரி, ஆவடிப் பக்கம் 1957-ல் தொடங்கிய முருகப்பா பாலிடெக்னிக், தரமணியில் ஆராய்ச்சி மையம். அம்பத்தூர் ஆஸ்பத்திரிக்குத் தங்கள் பெயரை வைக்காமல், சைக்கிள் தொழிலில் கூட்டாளியாக இருந்த பிரிட்டிஷ் கம்பெனியின் தலைவர் சர் ஐவன் ஸ்டெட்ஃபோர்டின் பெயரை வைத்தார்கள். அந்தப் பெயர் யாருடையது என்று அங்கே மருந்துச் சீட்டோடு நிற்பவர்களில் எத்தனை பேருக்குத் தெரியுமோ!

அந்த பாலிடெக்னிக்கில் படித்தவர்களோடு நான் அம்பத்தூரில் ஒரு பட்டறையில் வேலை பார்த்திருக்கிறேன். வரைபடத்தைப் புரட்டியதுமே உலோகத் துண்டின் எந்த முகத்தை முதலில் கடைய வேண்டும், கடையும்போது அது எங்கே துள்ளும் என்று சொல்லிவிடுவார்கள். பக்கத்தில் பொறியியல் பட்டதாரி வெர்னியர் அளவுகோலைக் கண்ணருகே பிடித்துக்கொண்டு நிற்பார். அதனால்தானோ என்னவோ, ஓய்வுக்குப் பின் சுப்பையா தேசியத் திறன் மேம்பாட்டுக் கழகத்தின் தலைவர் பொறுப்பை ஏற்றது எனக்கு மிகப் பொருத்தமாகப் பட்டது. அரசுக்கு 49 சதவீதம், தனியாருக்கு 51 சதவீதம் என்று அமைந்த கழகம் அது. பயிற்சி நிறுவனங்களுக்கு அது பெரும்பாலும் தந்தது தானம் அல்ல, கடன். கடனைத் திருப்பவேண்டிய நிறுவனம், வேலை கிடைக்காத பாடத்தைச் சொல்லிக்கொடுத்துக் காலம் தள்ள முடியாது என்பது கணக்கு. வட்டிக்கடை மரபில் வந்தவருக்கு இது சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

அந்தக் கணக்கு முழுதாகப் பலித்தது என்று சொல்ல மாட்டேன். 2022-க்குள் 15 கோடிப் பேருக்குத் திறன் பயிற்சி என்ற இலக்கு எனக்கு அப்போதே மிகையாகத் தோன்றியது. அவர் 2013-ல் விலகிய பிறகு, தலைகளை எண்ணுவதில் காட்டிய அக்கறை தரத்தில் இல்லை என்ற விமர்சனம் பலமாகவே எழுந்தது. இதற்கிடையில் 2012-ல் அவருக்குப் பத்மபூஷண் கிடைத்தது.

குறையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் பதில் புகழ்பாட்டாகிவிடும். வெளியாட்களுக்கு இவ்வளவு திறந்த கதவு, வீட்டுப் பெண்களுக்குத் திறக்கவில்லை. அவருடைய அண்ணன் எம்.வி. முருகப்பனின் மகள் வள்ளி அருணாசலம், குடும்பத்தின் முதலீட்டு நிறுவனமான அம்பாடி இன்வெஸ்ட்மென்ட்ஸ் வாரியத்தில் இடம் கேட்டபோது, 2020-ல் வாக்கெடுப்பில் தோற்றார். 2023-ல்தான் சமரசம் ஆனது. அப்போது சுப்பையா பொறுப்பில் இல்லை. ஆனாலும் 1999-ல் விதிகளை எழுதியபோதே இதையும் சேர்த்து எழுதியிருக்கலாம்.