பெயின்ட்பால் கேள்வி பதில்: முகமூடி முதலில், மார்க்கர் அப்புறம்

கோபி: பெயின்ட்பால்னா என்னங்க? அடிபட்டால் வலிக்குமா?

இரண்டு அணி மறைந்து நின்று, 'மார்க்கர்' என்கிற காற்றுத் துப்பாக்கியில் சாயக் குண்டு போட்டுச் சுட்டுக்கொள்ளும் ஆட்டம். மேலே பட்டு உடைந்தால் நீங்கள் அவுட். குண்டின் தோல், மாத்திரை கேப்ஸ்யூலுக்குப் போடும் ஜெலட்டின். உள்ளே தண்ணீரில் கரையும் சாயம். 1981-ல் அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயரில் 12 பேர் ஆடித் தொடங்கியது. மரத்துக்கும் மாட்டுக்கும் அடையாளம் வைக்க இருந்த துப்பாக்கியைத்தான் எடுத்து ஆடினார்கள். சுளீரென்று வலிக்கும், தடம் சில நாள் நிற்கும்.

திருப்பூர்: முதலில் என்ன வாங்கணும்?

முகமூடி. பொதுவாக மற்றதை மைதானத்திலேயே வாடகைக்கு எடுத்துக்கொள்ளலாம். கண், காது, வாய் எல்லாம் மூடும்படி, இரட்டைத் தகடு 'தெர்மல்' லென்ஸ் வைத்ததாக வாங்குங்கள். நம் வெயிலில் ஒற்றை லென்ஸில் வேர்வை ஆவி படிந்துவிடும். பார்வை மறைந்ததும் கை தன்னால் முகமூடியைத் தூக்கும். கண் போவது அந்த நொடியில்தான். அமோனியா கலந்த கண்ணாடித் துடைப்பான் வேண்டாம், ஈரத்துணி போதும். நேராக அடி வாங்கிய லென்ஸை மாற்றிவிடுங்கள்.

உடைக்குத் தொளதொள முழுக்கை பனியனே போதும். உங்கள் ஊரில் அதற்கா பஞ்சம்!

அவிநாசி: பைக் ஹெல்மெட் போட்டுக்கலாமா?

கூடாது. பக்கவாட்டு இடுக்கில் குண்டு நுழையும்.

தாராபுரம்: கூலிங்கிளாஸ்?

மேலே இருக்கிற இரண்டு பதிலையும் படியுங்க.

பீளமேடு: லேத் பட்டறை வெச்சிருக்கேனுங்க. மார்க்கரோட பேரலை, அதாவது குண்டு போற குழலை, 2 அடிக்குக் கடைந்தால் தூரம் போகுமா?

போகாதுங்க. ஒரு சிறு மடக்குக் காற்றுதான் குண்டைத் தள்ளுகிறது. முதல் 8 அங்குலத்திலேயே அதன் வேலை பெரும்பாலும் முடிந்துவிடும், மிச்ச நீளம் வெறும் உராய்வு. அதோடு மைதானத்தில் வேகமானி வைத்து, வினாடிக்கு 300 அடிக்கு மேல் போனால் இறக்கச் சொல்வார்கள். ஒரே குண்டு, ஒரே வேகம் என்றால் தூரமும் ஒன்றுதானே?

உடுமலை: பீளமேடு அண்ணன் சொல்றது சரிதாங்க. நீள பேரலில் குண்டு நேரா போறதை நானே பார்த்தேன்.

நேராகப் போனதற்குக் காரணம் நீளம் இல்லை, துளை. பேரலின் பின்வாயில் ஒரு குண்டை வையுங்கள். தானாக உருண்டோடினால் துளை பெரிது. ஊதியும் நகராவிட்டால் சிறிது. அப்படியே நின்று, ஊதியதும் வழுக்கிக்கொண்டு போனால் சரியான ஜோடி. குண்டின் பெயரளவு 0.68 அங்குலம் என்றாலும் பெட்டிக்குப் பெட்டி மாறும், ஈரக்காற்றில் ஊதும். எடை 3 கிராம்தான். பாலக்காட்டுக் கணவாயிலிருந்து ஆடிக் காற்று அடிக்கும்போது எந்த நீள பேரலும் அதை நேராக அனுப்பாது.

பீளமேடு: சரிங்க. அப்போ காற்று சிலிண்டரைக் கடையட்டுமா?

வேண்டவே வேண்டாம். அதில் அடைப்பது 3000 பிஎஸ்ஐ, சிலவற்றில் 4500. லாரி டயருக்கே 100 சொச்சம்தான். சோதனை முத்திரையும் தேதியும் பொறித்த சிலிண்டரை மட்டும் தொடுங்கள்.

கரூர்: கரியமில வாயு மலிவாச்சே?

வெயில் ஏற ஏற அதன் அழுத்தம் ஏறும், குண்டின் வேகமும் ஏறும். காலையில் அளந்த வேகம் மதியம் நிற்காது. நம் பக்கத்துக்கு அழுத்தக் காற்றே நல்லது.

சத்தி: மிச்சக் குண்டை ஃப்ரீசரில் வைக்கலாமா?

தோல் நொறுங்கிப் பேரலுக்குள்ளேயே உடையும். காற்றுப் புகாத டப்பாவில், நிழலில் வையுங்கள்.

நாமக்கல்: அவுட் ஆனதும் முகமூடியைக் கழற்றலாம் இல்லையா?

இதையும் கேட்டாச்சா! கூடாது. மைதானத்து வலைக்கு வெளியே வந்து, எல்லார் பேரலிலும் உறை மாட்டியிருக்கிறதா என்று பார்த்த பிறகுதான்.

பீளமேடு: துளை அளவிலாவது கை வைக்கலாமுங்களா?

தாராளமாக. 0.681, 0.685, 0.689 அங்குலத் துளையில், பேரலுக்குள் செருகுகிற மூன்று உள்குழல் கடையுங்கள். உள்பக்கம் கீறல் இல்லாமல் பாலிஷ் ஏற்றுங்கள், நகம் எங்கேயும் தட்டக் கூடாது. எந்த அளவில் குண்டு நிற்கிறது என்று வந்து சொல்லுங்க.