கொக்கி மாட்டினால் தரை விமானம் கப்பல் விமானம் ஆகிவிடுமா?
வாசகர் கேள்வி – பதில்

சூலூரில் விமானப்படை வைத்திருந்த அதே தேஜஸ் போர் விமானத்துக்கு வாலில் ஒரு கொக்கி மாட்டி, விக்ராந்த் விமானந்தாங்கிக் கப்பலில் இறக்கினால் ஆகாதா? – கோயம்புத்தூர் வாசகர்

கொக்கி பின்னால் வருகிற கதை. முதல் சிக்கல் சக்கரத்தில்.

ஓடுபாதையில் இறங்கும் விமானி, தரையைத் தொடுவதற்குச் சற்று முன் மூக்கைத் தூக்கி, இறங்கும் வேகத்தைக் குறைத்து மெல்ல அமர்த்துவார். கப்பலில் அப்படிச் செய்தால், கொக்கி பிடித்து நிற்பதற்காகத் தளத்தின் குறுக்கே கட்டிய கம்பிகளை விமானம் தாண்டிப் போய்விடும். அதனால் மூன்றரை டிகிரி சரிவில் வந்தது வந்தபடி தளத்தில் மோதியே ஆக வேண்டும். கப்பலை நெருங்கும் வேகம் நொடிக்கு 60 மீட்டர் என்று வையுங்கள். கீழ்நோக்கிய வேகம் நொடிக்கு 3.7 மீட்டர் வரும். அந்த நேரம் பார்த்து அலை தளத்தை மேலே தூக்கினால் அதுவும் சேரும். விமானி சற்றுப் பிசகினால் இன்னும் கூடும். ஆகவே கடற்படை விமானத்தின் சக்கரக் கால்களை நொடிக்கு 6, 7 மீட்டர் தாங்கும்படி செய்கிறார்கள். தரை விமானத்துக்கு 3 மீட்டர் அளவே போதும்.

இரண்டு மடங்குதானே என்று நினைக்க வேண்டாம். வேகம் இரட்டித்தால் கால் உள்வாங்க வேண்டிய ஆற்றல் நான்கு மடங்கு. நொடிக்கு 3 மீட்டர் என்பது அரை மீட்டர்கூட இல்லாத உயரத்திலிருந்து விமானத்தைப் போடுவதற்குச் சமம். 6 மீட்டர் என்றால் 1.8 மீட்டர், ஓர் ஆள் உயரம். அந்த அடி காலோடு நிற்பதில்லை. காலைப் பிடித்திருக்கும் சட்டம், இறக்கை உடலோடு சேரும் இடம், இன்ஜினைத் தாங்கும் பிடிகள் என்று எல்லாவற்றையும் உலுக்கும். அத்தனையையும் பலப்படுத்தினால் எடை ஏறும். எடை ஏறினால் இறங்கும் வேகம் கூடும். வேகம் கூடினால் கால் இன்னும் பலமாக வேண்டும். இந்தச் சுழலில் மாட்டித்தான் பல திட்டங்கள் திணறின.

எஃப்-16 போன்ற தரை விமானங்களிலும் கொக்கி இருக்கிறதே? – திருச்சி மாணவி

இருக்கிறது, பிரேக் பழுதானால் பயன்படுத்தும் அவசரக் கொக்கி அது. ஓடுபாதைக் கம்பி ஏறத்தாழ 300 மீட்டர் நீண்டு கொடுத்து விமானத்தை நிதானமாக நிறுத்தும். கப்பலில் கிடைப்பது 90, 100 மீட்டர். 9 டன் விமானம் 90 மீட்டரில் நிற்க, சராசரியாக 18 டன் விசை வாலில் ஒரே புள்ளியில் இழுக்கும்; உச்ச விசை அதைவிட அதிகம். ஒவ்வொரு தரையிறக்கத்திலும் இதே கதைதான். போதாக்குறைக்கு, சக்கரம் தளத்தைத் தொட்டதும் விமானி இன்ஜினை முழு வேகத்துக்குத் தள்ளிவிடுவார். கொக்கி கம்பியைப் பிடிக்காவிட்டால் மறுபடி மேலே ஏற அதுதான் ஒரே வழி.

கொக்கியை எங்கே வைப்பது என்பதும் சாதாரண விஷயம் அல்ல. அமெரிக்காவின் கடற்படை விமானம் எஃப்-35சி முதலில் லேக்ஹர்ஸ்ட் என்ற கரைச் சோதனைத் தளத்தில் கம்பியைப் பிடிக்க ஓடிய 8 முறையும் தவறவிட்டது. முதன்மைச் சக்கரங்களுக்கும் கொக்கிக்கும் இடையே 2.2 மீட்டர்தான். சக்கரம் மிதித்து அழுத்திய கம்பி மேலெழும்புவதற்குள் கொக்கி அதைக் கடந்துவிட்டது. கொக்கி முனையைக் கூராக்கி, அது துள்ளாமல் தளத்தோடு அழுத்திப் பிடிக்கும் டேம்பரையும் மாற்றிய பிறகு, 2014 நவம்பர் 3 அன்று நிமிட்ஸ் கப்பலில் இறங்கியது.

கடற்படைத் தேஜஸ் விக்ரமாதித்யா கப்பலில் இறங்கிக் காட்டியதே, பிறகு ஏன் வாங்கவில்லை? – தூத்துக்குடி வாசகர்

இறங்கியது 2020 ஜனவரி 11 அன்று; மறுநாள் தளத்தின் முனையில் மேல்நோக்கி வளைந்திருக்கும் சறுக்குமேட்டில் ஏறிப் பறந்தது. 2023 பிப்ரவரியில் விக்ராந்திலும் இறங்கியது. அதற்கு முன் கோவாவில் ஐஎன்எஸ் ஹன்ஸா என்ற கடற்படை விமானத் தளத்தில் கட்டிய கரைச் சோதனைத் தளத்தில் பல ஆண்டு வேலை நடந்தது: 2014 டிசம்பரில் முதல் சறுக்குமேட்டுப் புறப்பாடு, 2019 செப்டம்பரில் முதல் கம்பித் தரையிறக்கம். தளம் கண்ணுக்குத் தெரிவதற்காக மூக்கைத் தாழ்த்தினார்கள். மெதுவாக அணுகுவதற்காக இறக்கை வேரின் முன்விளிம்பில் லெவ்கான் என்னும் அசையும் பரப்பைச் சேர்த்தார்கள்.

ஆனால் இறங்குவது பாதிதான். நம் கப்பல்களில் விமானத்தை உந்தி எறியும் கேட்டபுல்ட் கிடையாது. 14 டிகிரி மேட்டை விட்டு விலகும்போது விமானத்துக்குப் போதிய பறக்கும் வேகம் இன்னும் வந்திருக்காது. மேல்நோக்கி எறியப்பட்ட அந்தச் சில நொடிகளில் இன்ஜின்தான் மீதியைச் சம்பாதிக்க வேண்டும். தேஜஸின் ஒற்றை எஃப்404 இன்ஜின் கொடுக்கும் உந்துவிசை சுமார் 85 கிலோநியூட்டன். கூடிய எடையோடு, முழு எரிபொருளும் ஆயுதமும் ஏற்றிப் புறப்பட அது போதாது என்று 2016 டிசம்பரிலேயே கடற்படை சொல்லிவிட்டது. என் பார்வையில் அது நியாயமான முடிவு. தேஜஸில் கற்றது வீணாகவில்லை, இரட்டை இன்ஜின் கொண்ட அடுத்த கடற்படை விமானத் திட்டத்துக்குப் போகிறது.

அப்படியானால் ரஃபேல்-எம், ஹார்னெட் மட்டும் எப்படி வெற்றி பெற்றன? – மதுரை வாசகர்

பிரான்ஸின் ரஃபேலில் விமானப்படைக்கும் கடற்படைக்குமான வடிவங்களை ஆரம்பத்திலிருந்தே சேர்த்து யோசித்தார்கள். அதனால் கூடுதல் எடை சுமார் 500 கிலோவோடு நின்றது. அமெரிக்கக் கடற்படையின் ஹார்னெட்டுக்கு மூலம், அந்நாட்டு விமானப்படை நடத்திய போட்டியில் எஃப்-16இடம் தோற்ற ஒய்எஃப்-17 என்ற தரை விமானம். வெளித்தோற்றம் அப்படியே இருந்தாலும் உள்ளே ஏறக்குறைய புது விமானம். இறக்கைப் பரப்பை மட்டுமே 32.5இலிருந்து 37.2 சதுர மீட்டராக்கினார்கள்.

மாறாக, தரை வடிவத்திலிருந்து வளர்ந்த மிக்-29கே நம்மிடம் பட்ட பாடு அரசுக் கணக்குகளைத் தணிக்கை செய்யும் சிஏஜியின் 2016 அறிக்கையில் இருக்கிறது. தளத்தில் இறங்கும் அதிர்ச்சியில் பாகங்கள் பழுதாயின. 65 இன்ஜின்களில் 40ஐ வடிவமைப்புக் குறைகளால் விலக்க வேண்டியிருந்தது.

வெளியில் தெரியாத மாற்றங்கள் என்னென்ன? – நாகர்கோவில் வாசகர்

உப்பு முதல் எதிரி. கார்பன் இழைப் பாகமும் அலுமினியமும் தொடும் இடத்தில் உப்புநீர் புகுந்தால் அலுமினியம் அரித்துப்போகும். அங்கே டைட்டானியம் ஆணிகளும் ஈரம் புகாத சீலண்டும் போட வேண்டும். விமானத்தை நல்ல தண்ணீரில் அடிக்கடி கழுவ வேண்டும், இன்ஜினின் கம்ப்ரஸரையும் சேர்த்து.

அடுத்தது, விமானம் எங்கே, எந்தத் திசையில் போகிறது என்று தானே கணக்கிடும் வழிகாட்டும் கருவி. புறப்படும் முன் அது தன்னைச் சீர்செய்துகொள்ளும்போது விமானம் அசையாமல் நிற்பதாகவே எடுத்துக்கொள்ளும். கப்பலோ ஓடிக்கொண்டும் ஆடிக்கொண்டும் இருக்கும். ஆகவே கப்பலின் வேகம், திசை, ஆட்டம் எல்லாவற்றையும் கப்பலின் கருவியிலிருந்தே விமானத்துக்குக் கொடுக்க வேண்டும். ஏணிகூட மாறும்: ரஃபேல்-எம்மில் ஏணி விமானத்துக்குள்ளேயே மடிந்திருக்கும், தளத்தில் தனி ஏணியை உருட்டிக்கொண்டு அலைய வேண்டியதில்லை.