அப்பாவிடம் கேட்டீர்களா?

அன்புள்ள சார்,

நீங்கள் ஒருமுறை பாராட்டி எழுதியிருந்த ‘டி லிஃப்ட்’ திகில் படத்தை அப்பாவோடு பார்த்தேன். லிஃப்ட் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். தலை துண்டாகும் காட்சியில் சிரித்துவிட்டார். எனக்கும் அது பொம்மைத் தலை என்று அப்பட்டமாகத் தெரிந்தது. இன்றைய கிராபிக்ஸ் பார்த்த கண்ணுக்கு இதெல்லாம் பயம் தருமா? இயக்குநர் டிக் மாஸின் வேறு எந்தப் படத்தைப் பார்க்கலாம்?

முரளி

அன்புள்ள முரளி,

கிராபிக்ஸ் பேச்சை விடுங்கள். 1983-இல் சொற்பப் பணத்தில் எடுத்த டச்சுப் படம், பொம்மை பொம்மையாகத்தான் இருக்கும். என் கோபம் வேறு. அப்பா சிரித்தார் என்று எழுதிவிட்டு அடுத்த வரிக்குத் தாவிவிட்டீர்களே, ஏன் சிரித்தார் என்று கேட்டீர்களா?

தொழில் தெரிந்தவர்கள் ஒரு படத்தில் எங்கே சிரிக்கிறார்கள் என்பதைக் கொஞ்ச நாளாகவே யோசித்துக்கொண்டிருக்கிறேன். அவர் பொம்மையைப் பார்த்துச் சிரித்திருக்க மாட்டார். கதவு முழுக்க மூடிப் பூட்டு விழுந்தால்தான் லிஃப்ட் நகரும். கதவிடுக்கில் ஒருவன் கழுத்து இருக்கும்போது அது அசையவே கூடாது. வேலை பார்த்த காலமெல்லாம் அவர் சோதித்துக் கையெழுத்துப் போட்டது அதற்குத்தானே? படத்தில் காவலாளியின் கழுத்தைக் கதவு கவ்விக்கொள்கிறது, மேலிருந்து பெட்டி இறங்குகிறது. ரத்தம் கடைசியில்தான். அதுவரை அவனோடு சேர்ந்து நாமும் காத்திருக்கிறோம். பயம் அந்தக் காத்திருப்பில் இருக்கிறது ஐயா, தலையில் இல்லை! இதற்குப் பெரிய பட்ஜெட் எதற்கு? இரண்டு கதவு, ஒரு விளக்கு, பேய் தயார்.

நாயகன் ஃபெலிக்ஸ் (ஹூப் ஸ்டாபெல்) பாதிரியார் இல்லை, விஞ்ஞானி இல்லை. மெக்கானிக். பிரித்துப் பார்க்கிறான், எல்லாம் சரியாகவே இருக்கிறது. கோளாறு கம்ப்யூட்டர் சில்லுக்குள், அவனுடைய ஸ்பேனர் எட்டாத இடத்தில். லிஃப்டை இயக்கிய ரிலே சுவிட்சுகள் போய் எலெக்ட்ரானிக் கார்டு வந்தபோது உங்கள் அப்பாவுக்கும் அப்படி ஒரு நாள் வந்திருக்கும். பக்கத்திலேயே அவரை உட்காரவைத்துக்கொண்டு என்னிடம் கேள்வி கேட்கிறீர்கள். கேட்டுவிட்டு எழுதுங்கள், அந்தக் கடிதத்துக்குக் காத்திருக்கிறேன்.

அடுத்த படமா? ‘ஆம்ஸ்டர்டாம்ட்’ (1988) பாருங்கள், கால்வாயில் படகுத் துரத்தல் பிரமாதம். 2001-இல் மாஸே ‘டி லிஃப்ட்’டை ஆங்கிலத்தில் மறுபடி எடுத்தார், நவோமி வாட்ஸ் இருக்கிறார். அதை நீங்கள் தனியாகவே பார்த்துக்கொள்ளலாம்.